ஓரத்துப் பென்சில்

கனிராஜ் வீடு இதுதானாம்மா?

நான் அவன் படிச்ச காலேஜ்லதான் படிக்கிறேன். அவன் வரலாறு, நான் கணக்கு. ரெண்டு பேருமே ரெண்டாம் வருஷம். எம் பேரு செண்பகவல்லி. இல்லம்மா, அவனைப் பாக்க வரலை. அவன் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். தீப்பெட்டி ஆபீஸ்ல சாயங்காலம் வரைக்கும் மூட்டை தூக்குற வேலைன்னு டீக்கடையில சொன்னாங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். ஒரே ஒரு கையெழுத்து வேணும்.

இந்த ஃபாரத்துல, கீழ, பெற்றோர்னு போட்டிருக்குல்ல, அங்க. கைநாட்டுன்னாலும் பரவாயில்லைம்மா, மை டப்பாகூடக் கொண்டாந்திருக்கேன்.

ஓ. எழுதுவீங்களா. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கீங்களா. தப்பா நினைக்காதீங்கம்மா, சும்மா கேட்டேன்.

அவனைத் திருப்பிக் காலேஜ்ல சேத்துக்கிறதுக்கான ஃபாரம் இது. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா நவம்பர் பரீட்சை எழுத விட்டுருவாங்க. வெள்ளி தாண்டிருச்சுன்னா ஒரு வருஷம் போயிரும். நீங்க போட்டுக் குடுத்துட்டீங்கன்னா நான் இப்படியே மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.

என்னது? படிப்பு ஏறலைன்னு அவனா நின்னுட்டதா உங்ககிட்டச் சொன்னானா?

அப்படியா சொன்னான்.

கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. மிளகா வத்தல் நெடி தொண்டையில ஏறுது. நீங்க நாள் பூரா இதுக்குள்ள உக்காந்து காம்பு கிள்ளுறீங்க, உங்களுக்கு ஒண்ணும் செய்யலை பாருங்க.

வழியெல்லாம் நான் வேற நினைச்சுக்கிட்டு வந்தேன். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், என்னைக் கண்டதும் வைவீங்க, வசவையும் வாங்கிக்கிட்டுக் கையெழுத்தையும் வாங்கிக்கிட்டுப் போயிரலாம்னு. நீங்க என்னடான்னா சாக்கை விரிச்சு உக்காரு தாயின்னு சொல்றீங்க. இது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா.

அவனா நிக்கலை. நிப்பாட்டிட்டாங்க. நிப்பாட்டினது காலேஜ். பேர் எழுதிக் குடுத்தது நான்.

கையில இருக்கிறதைக் கீழ வைக்காதீங்கம்மா. கிள்ளிக்கிட்டே கேளுங்க. நீங்க என் முகத்தையே பாத்தா எனக்குச் சொல்ல வராது.

ஜனவரி ஒண்ணாந்தேதி நான் எனக்கே ஒரு சவால் விட்டுக்கிட்டேன். ஒரு வருஷம், ஐம்பத்திரண்டு புத்தகம். வாரத்துக்கு ஒண்ணு. யாரும் சொல்லிச் செய்யலை. பரிசு கிரிசெல்லாம் கிடையாது. போன்ல யாரோ ஒரு பொண்ணு தான் படிச்ச புத்தகத்தையெல்லாம் தன் உசரத்துக்கு அடுக்கி வச்சு, பக்கத்துல நின்னு போட்டோ போட்டிருந்தா. நான் அதுவரைக்கும் பாடப்புத்தகம் தவிர ஒண்ணைக்கூட முழுசாப் படிச்சதில்லை. பத்தொன்பது வயசு எனக்கு. வெக்கமா இருந்துச்சு.

எங்க காலேஜ் லைப்ரரியில எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க. அவங்ககிட்டப் போயிச் சொன்னேன். அவங்க சந்தோஷப்பட்டு ஒரு சார்ட் வாங்கி, "செண்பகவல்லியின் 52"ன்னு பெருசா எழுதி வாசல்ல ஒட்டிட்டாங்க. முடிச்ச புத்தகத்துக்கெல்லாம் டிக். அடுத்து படிக்கப்போற மூணு புத்தகத்தோட பேரு கீழ இருக்கும். மத்த பிள்ளைகளுக்கும் ஆசை வரட்டுமேன்னு நல்ல மனசுலதான் செஞ்சாங்க. ஆனா நான் அடுத்த வாரம் என்ன புத்தகத்தைக் கையில எடுப்பேன்னு காலேஜ்ல இருக்கிற ரெண்டாயிரம் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு எனக்கு அது பெருமையா இருந்துச்சு.

ஒன்பதாவது புத்தகம் கலங்கரை விளக்கத்துல தனியாக் காவல் இருக்கிற ஒரு ஆளோட கதை. அவன் மக செத்துப்போன தந்தி வர்ற பக்கத்துல, ஓரத்துல, பென்சில்ல, ரொம்பச் சின்ன எழுத்துல ஒரு வரி. "இங்கே நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நீங்கள்?"

சத்தியமா, நானும் அந்த இடத்துல மூடித்தான் வச்சிருந்தேன்.

என்னம்மா? அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா? கனிராஜ் சொன்னானா? வத்தல் கிள்ளும்போது முழுசாச் சொன்னானா. ம். சொல்லியிருப்பான்.

அப்புறம் பத்தாவது புத்தகத்துல ஒண்ணு. பன்னெண்டாவதுல ரெண்டு. பதினாலாவதுல பக்கத்துக்குப் பக்கம். எல்லாம் மரியாதையாத்தான் இருக்கும். நீங்க இந்த இடத்துல சிரிச்சீங்களா, இவர் ஏன் இதைப் பாதியில விட்டுட்டார்னு நினைக்கிறீங்க, இப்படி. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. எங்க வீட்டுல புத்தகம்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. வகுப்புலயும் அப்படித்தான். முகம் தெரியாம ஒருத்தர் எனக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமாப் போயிக்கிட்டிருக்காங்கன்னு நினைக்க நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவை நானும் கீழ பதில் எழுதினேன். ரெண்டு தடவைதான்.

மே மாசம் லீவு. மேடம் நாலு புத்தகம் வீட்டுக்குக் குடுத்து விட்டாங்க. அதுல ஒண்ணுமே எழுதியிருக்கலை. சப்புன்னு இருந்துச்சு.

ஜூன்ல காலேஜ் திறந்துச்சு. இருபத்தி நாலாவது புத்தகம், தேனீ வளக்கிறதைப் பத்தி. மொதப் பக்கத்துலயே பென்சில். "நேத்து ஏன் வரலை?"

எனக்கு முந்தின நாள் காய்ச்சல்மா. காலேஜுக்குப் போகலை.

சரி, சார்ட்ல டிக் போடலையேன்னு கேட்டிருப்பாங்கன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடுத்த வாரம், "மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கு." நான் திங்கக்கிழமை மஞ்சச் சுடிதார் போட்டிருந்தேன். அதுக்கடுத்த வாரம், "பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காராதே. எல்லாவனும் பாக்கிறான்."

நான் அந்த மஞ்சளை மடிச்சுப் பெட்டிக்கு அடியில வச்சுட்டேன். ஜன்னல் ஓரம் உக்காருறதை விட்டுட்டேன். ஏன் விட்டேன்னு கேக்காதீங்க. எழுதியிருந்துச்சு, விட்டுட்டேன். பயம்னா அப்படித்தான் இருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. நம்மளைக் கேக்காமலே கையும் காலும் சொன்னபடி செய்யுது.

இருபத்தெட்டாவது புத்தகத்துல எழுதியிருந்ததுதான் என்னை உடைச்சிருச்சு. "உங்க வீட்டு மாடியில ரெண்டு நாளாத் துணி காயுது. மழை வருதுல்ல, எடு."

எங்க வீட்டு மாடி ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாதும்மா. பின்னாடி சந்துக்குள்ள வந்து நின்னாத்தான் தெரியும்.

வீட்டுல சொல்லியிருக்கலாமேன்னுதான் கேப்பீங்க. எங்க பெரியப்பா மக தமயந்தி. அவளும் காலேஜ் போனா. பஸ்ல ஒருத்தன் சீட்டு எழுதி மடியில போட்டான். வீட்டுல வந்து அழுதுக்கிட்டே சொன்னா. மறுநாள்லேருந்து அவளுக்குக் காலேஜ் கிடையாது. ஆறே மாசத்துல கல்யாணம். சீட்டுப் போட்டவன் டிகிரி முடிச்சு எங்கயோ வேலையில இருக்கான். அதைப் பாத்து வளந்தவ நான். எப்படிச் சொல்லுவேன்?

அதனால யாருகிட்டயும் மூச்சு விடலை. சாப்பாடு இறங்கலை. அம்மா, பரீட்சைப் பயம்னு நினைச்சு விபூதி வாங்கியாந்து பூசிவிட்டாங்க. சவாலை விட்டுருவோமான்னு பாத்தேன். விட்டா, ஏன் விட்டேன்னு அவன் எங்க வந்து கேப்பானோன்னு அதுக்கும் பயம். அப்ப ஒவ்வொரு புத்தகத்தையும் எப்படிப் படிச்சேன் தெரியுமாம்மா? மொதல்ல கதையைப் பாக்க மாட்டேன். ஒவ்வொரு பக்கமா ஓரத்தை மட்டும் பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் புரட்டுவேன். எங்க இருக்கோ, எங்க இருக்கோன்னு. கண்டுபிடிச்சதுக்கப்புறந்தான் மொதப் பக்கத்துக்கு வருவேன். அப்பவும் ஒரு எழுத்தும் மண்டையில ஏறாது.

முப்பத்தொண்ணாவது புத்தகம். ரயில் பாதை போட்ட கதை. லைப்ரரியில உக்காந்துதான் புரட்டினேன். மொதப் பக்கத்துல, "பக்கம் 112 போ." போனேன். நூத்திப் பன்னெண்டுல, "திரும்பிப் பார்."

திரும்பிப் பாத்தேன்.

பின்னாடி ஜன்னல்கிட்ட கனிராஜ் உக்காந்திருந்தான். அவன் எப்பவும் அங்கதான் உக்காருவான், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல. தலையைக் குனிஞ்சு படிச்சுக்கிட்டிருந்தவன் நான் திரும்பினதும் நிமுந்து பாத்தான். பாத்து லேசாச் சிரிச்சான்.

நான் எந்திரிச்சு ஓடினேம்மா. செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டலை. நேரா எஸ்தர் மேடம் ரூமுக்குப் போயி அழுதுட்டேன். மேடம் லைப்ரரி ரிஜிஸ்டரை எடுத்துப் பாத்தாங்க. ஒன்பதாவது புத்தகம், எனக்கு முந்தின பேரு கனிராஜ். பத்தாவது, கனிராஜ். பன்னெண்டு, பதினாலு, கனிராஜ். சார்ட்ல இருக்கிற புத்தகத்தை எனக்கு முன்னாடியே எடுத்துப் படிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்? நான் எழுதிக் குடுத்தேன். மாணவிகளோட புகாரை விசாரிக்கிற குழுன்னு காலேஜ்ல ஒண்ணு இருக்கு. அங்க குடுத்தேன்.

கூப்பிட்டு விசாரிச்சாங்க. மூணு பேரு மேசைக்கு அந்தப் பக்கம். நான் ஒரு நாற்காலியில. அவனை நிக்க வச்சிருந்தாங்க. அவன் மறுக்கலைம்மா, அதான் ஆச்சரியம். "மொத நாலு புத்தகத்துல எழுதினது நான்தான் மேடம். அவங்களோட சார்ட்டைப் பாத்து எனக்கும் அதே மாதிரி படிக்கணும்னு ஆசை வந்துச்சு. லீவுக்கப்புறம் இருக்கிறது எதுவும் என் எழுத்து இல்லை"ன்னான். அதுல ஒருத்தர், மொத நாலை ஒத்துக்கிட்டவன் மிச்சத்தையும் ஒத்துக்கப்பான்னார். அவன் இல்லை சார்னான். எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னான். எந்தத் தெருன்னு கேட்டாங்க. அதையும் சொன்னான். அதுக்கப்புறம் யாரும் பெருசா ஒண்ணும் கேக்கலை. சட்டுன்னு முடிஞ்சிருச்சு. ஒரு செமஸ்டர் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இடையில அவன் இன்னொண்ணும் சொன்னான், அதை யாரும் எடுத்துக்கலை.

என்ன சொன்னானா? அது... அது ஒண்ணும் இல்லம்மா. அப்புறம் சொல்றேன்.

அவன் போனதுக்கப்புறம் மூணு வாரம் நான் நல்லாத் தூங்கினேன். மஞ்சச் சுடிதாரை எடுத்து அயன் பண்ணிப் போட்டேன். புத்தகத்தை மொதப் பக்கத்துலேருந்து படிச்சேன். சந்தோஷமா இருந்தேன், மறைக்கலை. இங்க அவன் மூட்டை தூக்கிக்கிட்டிருப்பான்னெல்லாம் எனக்குத் தோணலை. எனக்குப் பயம் போனது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.

முப்பத்தாறாவது புத்தகம் செப்டம்பர்ல எடுத்தேன். நடுவுல, பென்சில்.

"அவனைத் துரத்தியாச்சு. இனிமே தொந்தரவு இல்லை. நல்ல பிள்ளை."

அன்னைக்கு நான் லைப்ரரி பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்தேம்மா. நல்ல பிள்ளைன்னு எழுதியிருந்ததுதான் திரும்பத் திரும்பக் கண்ணுல வந்துச்சு. நான் ஏதோ அவன் சொன்ன வேலையைச் செஞ்சு முடிச்ச மாதிரி.

என்னம்மா கேக்கிறீங்க? நீங்கன்னு எழுதினவனும் நீன்னு எழுதினவனும் எப்படி ஒரே ஆளா இருக்க முடியும்னா?

இதை... இதை அந்த மூணு பேரும் கேக்கலைம்மா. எனக்கும் தோணலை. புத்தகம் எல்லாம் மேசையில விரிச்சு வச்சிருந்துச்சு. ஒண்ணு பொடி எழுத்து, இன்னொண்ணு பெரிய எழுத்து. அவசரத்துல எழுதியிருப்பான்னு நானே எடுத்துச் சொன்னேன். பழகப் பழகத் தைரியம் வந்து நீ போட ஆரம்பிச்சுட்டான்னும் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவங்க எழுதிக்கிட்டாங்க.

இந்தத் தடவை மேடத்துக்கிட்டச் சொன்னப்ப அவங்க முகம் வெளுத்துப் போச்சு. நம்ம ஒரு பையனைத் தப்பா அனுப்பிட்டோம் செண்பகான்னாங்க. அப்புறம் ஒரு யோசனை சொன்னாங்க. திறந்த அலமாரியில இருக்கிற புத்தகத்தை யாரு வேணும்னாலும் எடுத்து, அங்கயே நின்னு எழுதிட்டு வச்சுட்டுப் போயிரலாம், ரிஜிஸ்டர்ல வராது. அதனால மேடத்தோட பூட்டுன பீரோவுல இருக்கிற ஒரு பழைய புத்தகத்தோட பேரை, அடுத்ததுன்னு சார்ட்ல எழுதினோம். சாவி மேடம்கிட்ட. யாருக்கு வேணும்னாலும் அவங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டாகணும்.

அஞ்சு நாள் யாரும் வரலை. ஆறாவது நாள் ஒருத்தன் வந்து கேட்டான். மேடம் குடுத்தாங்க. மறுநாளே திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டான். மேடம் என்னைக் கூப்பிட்டு, பக்கத்துல உக்காத்தி வச்சு, நானும் அவங்களுமாப் புரட்டினோம். நாப்பதாம் பக்கத்துல இருந்துச்சு. "ஒரு புத்தகத்துக்கு இப்படி அலைய விட்டுட்டியே."

மேடம் பேரைச் சொன்னாங்க. எனக்குக் காது அடைச்சிருச்சு.

யாருன்னு கேக்காதீங்கம்மா. எங்க சொந்தம். ரொம்ப நெருங்கின சொந்தம். எங்க தாய்மாமா மகன், போதுமா. எங்களுக்கு அடுத்த தெரு. அதே காலேஜ்ல மூணாம் வருஷம். காலையில நான் போற பஸ்லதான் அவனும் வருவான். எனக்கு நடக்கப் படிச்ச நாள்லேருந்து அத்தான்தான் அவன். ரெண்டு வீட்டுலயும் பேசி வச்சது, எனக்கு அவன்னு. அவன் சந்துல வந்து நின்னா யாரு என்னன்னு கேப்பாங்க? எங்க மாடி அவனுக்கும் மாடிதான்.

அப்புறந்தான் எனக்கு ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. மார்ச் மாசம் ஒரு நாள் பஸ்ல நான் மடியில புத்தகத்தை வச்சுப் பதில் எழுதிக்கிட்டிருந்தேன். மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் குனிஞ்சு, என்ன படிப்பாளி, புத்தகத்துல கிறுக்குறன்னு சிரிச்சான். நான் டப்புன்னு மூடினேன். அதுக்கு முன்னாடியே பாத்துட்டான் போல. ஜன்னல்கிட்டக் கனிராஜ் உக்காருறதையும் பாத்து வச்சுத்தான் திரும்பிப் பார்னு எழுதியிருப்பான்.

அவனுக்கு இன்னும் தெரியாதும்மா, எனக்குத் தெரியும்ங்கிறது. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். அம்மா ஓடி ஓடிக் கேசரி கிண்டினாங்க. எங்க அப்பா அவன் தோள்ல கையைப் போட்டு உக்காந்திருந்தார். நான் தட்டைக் கொண்டு போயி வச்சப்ப நிமுந்து பாத்துக் கேட்டான், "இப்ப எத்தனையாவது புத்தகம்?"

"நாப்பத்தொண்ணு"ன்னேன்.

"சீக்கிரம் முடி. தை பிறந்துட்டா அப்புறம் உனக்கு எங்க நேரம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேம்மா. சிரிக்காம என்ன செய்ய?

தையிலே நாள் பாக்கப் போறாங்களாம்.

இந்தாங்க, இது நான் எழுதின லெட்டர். ஃபாரத்தோட இதையும் வச்சுக் குடுத்தா அவனைத் திரும்பச் சேத்துக்குவாங்க. மேடம் பிரின்சிபால்கிட்டப் பேசிட்டாங்க. புகார் குடுத்த பிள்ளையே எழுதிக் குடுக்கட்டும்னு சொல்லிட்டாராம். வாசிங்கம்மா. நிதானமா வாசிங்க.

ஆமா. "தவறான புரிதலினால்"னுதான் போட்டிருக்கேன்.

யாரு எழுதினதுன்னு அதுல இல்லை. ஆமாம்மா. போடலை. தவறான புரிதல்னா போதாதா? கனிராஜ் செய்யலைன்னு ஆயிருச்சுல்ல? அவன் வந்து பரீட்சை எழுதிருவான்ல? மத்தது எங்க குடும்ப விஷயம். எங்க மாமா எங்க அம்மாவுக்கு அப்பா மாதிரி. பேரைப் போட்டேன்னா ரெண்டு வீடும் ரெண்டாயிரும். அவனும் பாவம், கடைசி வருஷம், படிப்பு போயிரும்...

ஏம்மா அப்படிப் பாக்கிறீங்க?

ஆமா. கனிராஜுக்கும் படிப்புத்தான் போச்சு. அவன் பேரை எழுத எனக்கு ஒரு நாள்கூட ஆகலை. அரை மணி நேரம். ஆமாம்மா.

இல்லை, யாரோ எழுதினதை இவன் எழுதினதா நினைச்சுட்டாங்கன்னு சொன்னா காலேஜ்ல யாரு நம்புவாங்கன்னு கேக்கிறீங்க. ஆளைச் சொல்லாத வரைக்கும் உங்க மகன்தானே ஆளுன்னு. புரியுதும்மா. நான் அதை யோசிக்கலை. சத்தியமா யோசிக்கலை.

அன்னைக்கு விசாரணையில அவன் இன்னொண்ணு சொன்னான்னேன்ல. அதையும் சொல்லிர்றேன். சொல்லாம இந்தச் சாக்குலேருந்து எந்திரிக்க முடியாது போல இருக்கு.

அவன் சொன்னான், "அவங்களும் பதில் எழுதினாங்க மேடம். எனக்கு மட்டும் தோணி நான் எழுதிக்கிட்டிருக்கலை. வேணும்னா புத்தகத்தை எடுத்துப் பாருங்க"ன்னு. அவங்க என்னைப் பாத்தாங்க, எழுதினியாம்மான்னு. நான் இல்லைன்னேன். புத்தகத்தை எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லை. முந்தின நாளே நான் லைப்ரரியில உக்காந்து ரப்பர் வச்சு அழிச்சுட்டேன். என் எழுத்தை மட்டும். அவனோடதை அப்படியே விட்டுட்டேன், அது வேணும்ல, சாட்சிக்கு.

ரெண்டு தடவை இல்லம்மா. பதினொரு தடவை.

எழுதினேன்னு தெரிஞ்சா வீட்டுக்குச் சொல்லி விட்டுருவாங்கன்னு பயம். நீதான் இடம் குடுத்திருக்கன்னு சொல்லிருவாங்கன்னு பயம். அவன் என்னைப் பாத்தான் அப்ப. கோவமாப் பாத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது. அவனும் பயந்துதான் போயிருந்தான். அந்த ரூம்ல பயந்தது நான் ஒருத்தின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே நின்னான்மா. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அழாதீங்கம்மா. நீங்க அழுதா நான் என்ன செய்வேன்? என்னை ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க.

சரி. அந்த லெட்டரைக் குடுங்க.

இல்லை, கிழிக்கலை. கீழ இடம் இருக்கு, எழுதுறேன். பேனா இருக்கு. கொஞ்சம் அந்த முறத்தைக் குடுங்கம்மா, அடியில வச்சு எழுதுறேன். நீங்க காகிதத்தோட இந்த ஓரத்தைப் பிடிச்சுக்கிறீங்களா?

எழுதிட்டேன். வாசிக்கிறேன், கேளுங்க. "கனிராஜ் எழுதிய குறிப்புகளுக்கு நானும் பதினொரு முறை பதில் எழுதினேன். குழுவின் முன் இல்லை என்று நான் சொன்னது பொய். அவற்றை நானே அழித்தேன். ஜூன் மாதம் முதல் என்னைப் பயமுறுத்தும்படி எழுதியவர் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ராஜதுரை. அவர் என் தாய்மாமன் மகன். பூட்டிய பீரோவிலிருந்து எடுத்த புத்தகம் எஸ்தர் மேடத்திடம் இருக்கிறது."

பேரை வெளியில சொல்லிட்டேம்மா. இதுவரைக்கும் சத்தமாச் சொன்னதில்லை.

போட்டுட்டீங்களா கையெழுத்து? எவ்வளவு அழகா எழுதுறீங்க. ஆமாம்மா, அவன் வர்றதும் வராததும் அவன் இஷ்டம். நீங்க அவனைக் கேட்டுட்டு... இல்லை, ஃபாரத்தை நீங்களே வச்சுக்கங்க. அவன் பாக்கட்டும். அவனுக்குச் சம்மதம்னா அவனே கொண்டு வந்து குடுக்கட்டும். லெட்டரை மட்டும் நான் கொண்டு போறேன். நாளைக்குக் காலையில மொத வேலையா மேடம் கையில குடுத்துருவேன். குடுத்துட்டு அதுக்கப்புறந்தான் வீட்டுல சொல்லணும். அப்பா என்ன செய்வார்னு தெரியலை. காலேஜை நிப்பாட்டிருவாராயிருக்கும். தெரியலைம்மா. அதை நினைச்சா லெட்டரைக் கொண்டு போக மாட்டேன். அதனால நினைக்கலை.

என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்கலாமான்னு தெரியலை.

சரிம்மா. அதை அவன்கிட்டத்தான் கேக்கணும். சரி.

மூணு மணி பஸ் போயிருக்கும். அடுத்தது மூணே முக்காலுக்கா? நான் கிளம்புறேன்.

ஒரு நிமிஷம். போன் அடிக்குது. பைக்குள்ள ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டிருக்கு போல. ராஜதுரைதாம்மா. ஏழு தடவை கூப்பிட்டிருக்கான். மெசேஜ் வேற. "க்ளாஸ்ல இல்லையாமே." அதுக்கடுத்து, "எந்த பஸ்ல நீ ஏறினன்னு எனக்குத் தெரியும். ஸ்டாப்புல நிக்கிறேன்."

எந்த ஸ்டாப்புன்னு போடலை.

உங்க ஊர் ஸ்டாப்புக்கு இந்த ஒரு வழிதானாம்மா? ரைஸ் மில்லுக்குப் பின்னாடி ஒரு பாதை போகுதே, அது எங்க போகுது? முள்ளுக்காடா. சரி, இந்த வழியே போறேன். ஒண்ணும் ஆகாது. பட்டப்பகல்தானே. ஆள் நடமாட்டம் இருக்கும்ல? பைக்குள்ள லெட்டர் இருக்கு, அதை மட்டும் அவன் பாத்துரக் கூடாது.

செருப்பை எதுக்கும்மா மாட்டுறீங்க? வத்தல் வெயில்ல கிடக்கு, ஆடு வந்து மிதிச்சிரும். வேண்டாம்மா. நான் இவ்வளவு செஞ்சிட்டு, நீங்க எனக்காக... வேண்டாம், நான் போயிக்கிறேன்.

இல்லை.

வாங்கம்மா. பஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க.